பெரிஷரில் பனிச்சறுக்கு சீசன் வேலை: செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கயலுக்கு ஆஸ்திரேலியாவின் ‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ (வேலை-விடுமுறை) விசாக் குலுக்கலில் பெயர் விழுந்ததில் எங்களுக்கும் ரொம்பச் சந்தோஷம். இந்தியாவுக்கு வருஷத்துக்கு 1,000 இடம்தான், கிடைத்ததை விடக் கூடாது.

இங்கே ஆஸ்திரேலியாவில் பெரிஷர் பனிச்சறுக்குத் தலத்தில் சீசனுக்கு எந்த வேலை கேட்பது என்று எழுதியிருந்தாய். சமையற்கட்டு, அறை சுத்தம், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டின் வாசல் எல்லாவற்றுக்கும் ஆள் எடுப்பார்கள். கயல் மெக்கானிக்கல் படித்தவள். ஸ்கீ (சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகை) வாடகைக் கடையில் டெக்னீஷியன் வேலைக்கு எழுதிப் போடச் சொல். சீசன் ஜூன் இரண்டாம் வாரத்து நீண்ட விடுமுறையில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தோடு முடியும். ஆனால் வருஷ ஆரம்பத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும், மே மாதம் கேட்டால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

அந்தக் கடையில் முதல் வேலை பூட் மாட்டிவிடுவது. செருப்பு சைஸைக் கேட்டு எடுத்துக் கொடுக்கக் கூடாது. காலை அளவுப்பலகையில் வைத்து சென்டிமீட்டரில் அளக்க வேண்டும், 27 செ.மீ. என்றால் 27 பூட். பெரும்பாலான பூட்டில் 27-க்கும் 27.5-க்கும் வெளி ஓடு ஒன்றேதான், ஆகவே இறுக்குகிறது என்பவருக்கு அரை சைஸ் கூட்டிக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை. சாக்ஸ் மெல்லியதாக ஒன்றே ஒன்று. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு அழுத்தி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். பேண்ட் நுனி பூட்டுக்குள் போகக் கூடாது. நேராக நின்றால் விரல் முட்டத்தான் செய்யும். உடனே பெரிய பூட் கேட்பார்கள், கொடுக்கக் கூடாது. குதிகாலைத் தரையில் தட்டி, கணுக்கால் பக்கிளை முதலில் போட்டு, முழங்காலை முன்பக்கம் மடக்கச் சொன்னால் பாதம் பின்னால் போய் விரலுக்கு இடம் வந்துவிடும். பெரிய பூட்டில் குதிகால் உள்ளே எழும்பும், ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது.

அடுத்தது பைண்டிங், அதாவது பூட்டை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்டு. கயல் இதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாலே போதும் என்பேன். ஆள் விழும்போது காலை ஸ்கீயிலிருந்து விடுவிப்பது அதுதான். அதிலுள்ள ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஓர் எண் உண்டு, கடையில் டின் (DIN) என்பார்கள். ஐஎஸ்ஓ 11088 தர அட்டவணையில் எடை, உயரம், வயது, சறுக்கும் தரம், பூட் அடிநீளம் ஆகிய ஐந்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். எடை ஒரு வரிசையிலும் உயரம் வேறு வரிசையிலும் விழுந்தால் குறைந்த எண் தரும் வரிசையை எடுக்க வேண்டும். வயது 50 அல்லது அதற்கு மேல், 9 அல்லது அதற்குக் கீழ் என்றால் எண் குறையும் பக்கமாக இன்னும் ஒரு வரிசை நகர வேண்டும். அடிநீளம் கூடக் கூட எண் குறையும். நீண்ட பூட்டில் அதே ஸ்பிரிங் விடுபடக் கூடுதல் முறுக்கு வேண்டும், அந்த முறுக்கு முழுவதும் கால் எலும்பில் இறங்கும், காரணம் அதுதான்.

எண் அதிகமானால் விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால் ஜவ்வோ எலும்போ போகும். குறைவானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று ஆளைத் தள்ளிவிடும். எடையைக் குறைத்துச் சொல்கிறவர்களும் திறமையைக் கூட்டிச் சொல்கிறவர்களும் தினமும் வருவார்கள். கூட்டம் நெரித்தாலும் படிவத்தை அவர்களே நிரப்பிக் கையெழுத்துப் போட வைக்க வேண்டும், வாய்வார்த்தையை நம்பி ஸ்க்ரூடிரைவரைத் திருப்பக் கூடாது.

முன்னும் பின்னும், இரண்டு ஸ்கீயிலும், ஆக நான்கு இடத்தில் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பிறகு பைண்டிங்கின் குதிகால் பகுதியை அதன் தண்டவாளத்தில் நகர்த்தி, பூட்டில் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் அளவுக்கு வைக்க வேண்டும். பூட்டை மாட்டியபின் பின்பக்க அழுத்தக்குறி (பூட்டை முன்னோக்கி எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டுவது) அதற்குரிய எல்லைக்குள் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும். டின் எண் சரியாக இருந்தும் தவறாகக் கழல்வதற்கு இந்த அழுத்தம் தப்பிப்போவது ஒரு முக்கியக் காரணம். கிரிப்வாக் அடி (நடக்க வசதியான வளைந்த அடி) உள்ள பூட் பழைய பைண்டிங்குக்குச் சேராது, பைண்டிங்கில் கிரிப்வாக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: ஸ்கீயில் ஏறுமுன் பூட்டின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட வேண்டும். இல்லையென்றால் பூட் முழுசாக உட்காராது.

மாலையில் திரும்பி வரும் பூட்டையெல்லாம் கிருமிநாசினி தெளித்து, காற்றுக்குழாயில் மாட்டி இரவு முழுக்கக் காயவைக்க வேண்டும். ஸ்கீயைத் துடைக்காமல் அடுக்கினால் காலையில் விளிம்பெல்லாம் துருப்பிடித்திருக்கும். ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் இஸ்திரிப்பெட்டியில் புகை வந்தால் சூடு அதிகம், ஸ்கீயின் அடிப்பாகம் கருகிவிடும்.

பண விஷயம். ஆஸ்திரேலியப் பனியை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பக்கத்து ஸ்பென்சர்ஸ் க்ரீக்கில் 1954 முதல் பனி ஆழத்தை அளக்கிறார்கள். 1981-இல் உச்ச ஆழம் 361 செ.மீ., மெலிந்த வருஷங்களில் அதில் பாதிகூடத் தேறாது. ஜூனில் பனி குறைந்தால் கேஷுவல் (நிரந்தர நேரம் இல்லாத) ஆட்களுக்கு ஷிஃப்ட் குறையும், ஜூலைப் பள்ளி விடுமுறையில் நிற்க நேரம் இருக்காது. வாரத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேட்கட்டும். தங்குமிட வாடகை எவ்வளவு, சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதையும் கேட்கட்டும். பக்கத்து ஊரான ஜிண்டபைனில் சீசன் நேரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

வந்தவுடன் டிஎஃப்என் (வரிக்கணக்கு எண்) எடுத்துவிட வேண்டும். இந்த விசாவில் முதல் டாலரிலிருந்தே 15% வரி, வரியில்லா வரம்பு கிடையாது. முதலாளி தன் பங்காக 12% சூப்பர் (ஓய்வுக்கால நிதி) போடுவார், ஆனால் நாட்டை விட்டுக் கிளம்பி அதைக் கேட்கும்போது 65% வரி போய்விடும். ஆகவே அதைச் சேமிப்பாக எண்ணிவிட வேண்டாம்.

கார் இல்லாமல் சமாளிக்கலாம், மலையடிவாரத்து புல்லக்ஸ் ஃப்ளாட்டிலிருந்து சுரங்கப்பாதை வழியே ஸ்கீட்யூப் ரயில் மேலே போகிறது. தோழிகளோடு கார் எடுத்தால், டூவீல் டிரைவ் காருக்கு சீசனில் டயரில் மாட்டும் பனிச்சங்கிலி வைத்திருப்பது கட்டாயம். டீசல் கார் என்றால் கூமாவிலோ ஜிண்டபைனிலோ ஆல்பைன் டீசல் (குளிர் தாங்கும் டீசல்) போட வேண்டும். சிட்னியில் நிரப்பிய டீசல் குளிரில் கூழாகி ஃபில்டரை அடைத்துக்கொள்ளும்.

பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. மெரினோ கம்பளி உள்ளாடை இரண்டு செட் வாங்கிக் கொடு. அவளுடைய ரெஸ்யூமேயை இந்த வாரமே எனக்கு அனுப்பச் சொல், கல்லூரிப் பட்டறையில் என்னென்ன செய்தாள் என்பதை அதில் விரிவாக எழுதட்டும். ஒருமுறை பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
ராஜாராம்