செயலாளரின் ஆண்டறிக்கை: நாம் விட்டு வந்த பர்மாவில் போரிட்டவர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்கத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழக்கம்போல் கொடுத்தோம். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் போரிட்ட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றி நாம் நடத்திய பிப்ரவரிக் கூட்டத்தைப் பற்றி.

நம்மில் பலர் 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்த நடையின் கதை நம் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்புறம் அந்த மண்ணில் யார் சண்டை போட்டார்கள் என்றால், வெள்ளைக்காரன், ஜப்பான்காரன், நேதாஜியின் படை என்று நிறுத்திவிடுவோம். நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா, கென்யா என்று ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் படையில் வந்தார்கள் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

வரும் வழியிலேயே சாவு. 1944 பிப்ரவரி 12 அன்று, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த 'கெதிவ் இஸ்மாயில்' கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இரண்டே நிமிடங்களில் மூழ்கியது. இறந்தவர்கள் சுமார் 1,300 பேர். பெரும்பகுதியினர் கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர்.

மேற்கு பர்மாவில் அரக்கானின் கலடான் பள்ளத்தாக்கில் இறங்கியது 81-ஆவது மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன் என்ற படைப்பிரிவு. சாலை கிடையாது, மலைக்காட்டை வெட்டி ஜீப் போகிற பாதையைக் கையாலேயே போட்டார்கள். அதற்கு அப்பால் விமானம் போடும் மூட்டைதான் சோறு, மருந்து, தோட்டா எல்லாமே. அதைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். சுமை தூக்குவதற்கென்றே வந்தவர்களும் குண்டுக்கு நடுவில்தான் நடந்தார்கள். அதை வீரம் என்று எழுத ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு இன்றும் ஆற்றாமை. சீருடையில் சிலந்திச் சின்னம். கானா நாட்டுப் பாட்டிக் கதைகளில் வரும் அனான்சி என்ற கெட்டிக்காரச் சிலந்தி அது.

ஐசக் ஃபடோயெபோவின் கதையைக் கேட்டபோது கூடத்தில் பேச்சில்லை. பதினாறு வயதில் பட்டாளத்தில் சேர்ந்த நைஜீரியப் பையன். கலடான் ஆற்றங்கரையில் காலில் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கிக் கிடந்தான். கூட இருந்தவன் சியரா லியோன்காரன் டேவிட் கார்க்போ. ஷூயிமான் என்ற உள்ளூர் முஸ்லிம் விவசாயி, ஜப்பானியர் கண்ணில் படாமல் இருவரையும் மாதக்கணக்கில் மறைத்துச் சோறு போட்டார். ஐசக்கின் நன்றிக் கடிதம் அந்தக் குடும்பத்தின் கைக்குப் போனது 2011-இல். முதல் வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "நடந்து வந்தப்போ எங்களுக்கும் இப்படித்தான் ஒரு வீட்டுல கஞ்சி ஊத்துனாங்க" என்றார்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 1948 பிப்ரவரி 28 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில், தருவதாகச் சொன்ன ஓய்வூதியம் கேட்டு கவர்னருக்கு மனு கொடுக்க ஊர்வலம் போனார்கள் முன்னாள் வீரர்கள். போலீஸ் சுட்டது. சார்ஜன்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே மூவரும் செத்தார்கள். கானாவில் அந்த நாளில் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள்.

நம் பிப்ரவரிக் கூட்டத்தை இனி 28-ஆம் தேதியே வைக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். வீட்டில் பர்மா காலத்துப் படமோ கடிதமோ இருந்தால் கொண்டு வாருங்கள். படி எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்