வெயில் நெபுலாவும் உன் ஆக்ஸிஜன் ஃபில்டரும்

நண்பா,

நீ அனுப்பிய வெயில் நெபுலா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். (Veil என்பதைத் தமிழில் எழுதினால் உச்சி வெயில்தான் ஞாபகம் வருகிறது; முக்காடு நெபுலா என்றாவது சொல்லலாம்.) இழைகள் மொத்தமும் சிவப்பு. ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டருக்கு ஆறு மணி நேரம், ஆக்ஸிஜனின் நீலப்பச்சையை மட்டும் விடும் ஆக்ஸிஜன்-3க்கு இரண்டு என்றால் அப்படித்தான் வரும். கணக்கை மாற்றிப் போடு.

இந்த நெபுலா, ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறியதன் எச்சம். அந்த வெடிப்பின் அதிர்ச்சி அலை மோதிச் சூடேறிய வாயு ஆறும்போது முதலில் 500.7 நானோமீட்டரில் ஆக்ஸிஜன் ஒளிரும். இன்னும் ஆறிய பிறகுதான் 656.3இல் ஹைட்ரஜன், 672 பக்கம் கந்தகம். அதனால் பல இடங்களில் நீலப்பச்சை இழை வெளியிலும் சிவப்பு உள்ளேயும் சற்று விலகி நிற்கும். அதைப் பிழை என்று எண்ணி இழைமேல் இழையை ஏற்றிவிடாதே. நட்சத்திரங்களை வைத்து மட்டும் பொருத்து. இந்த எச்சத்தின் அழகே அந்த விலகல்தான்.

உன் படத்தில் 52 சிக்னி என்ற நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வளையம், ஃபில்டருக்கும் சென்சார் கண்ணாடிக்கும் நடுவே ஒளி எதிரொளிப்பதால் வருவது. ஆக்ஸிஜன் ஃபில்டரில்தான் இந்தத் தொல்லை அதிகம். ஃபில்டரைத் திருப்பிப் போட்டு 300 விநாடி ஃப்ரேம் ஒன்று எடு. பெரும்பாலும் கண்ணாடிபோலப் பளபளக்கும் பக்கம் டெலஸ்கோப்பைப் பார்க்க வேண்டும். திருப்பியதும் பழைய ஃப்ளாட் (தூசு நிழலைக் கழிக்க எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) உதவாது, தூசு இடம் மாறியிருக்கும்.

மூலைக்கு மூலை மழைக்கோடு மாதிரி ஓடும் நாய்ஸுக்கு டிதரிங் (ஃப்ரேம்களுக்கு நடுவே டெலஸ்கோப்பைச் சற்று நகர்த்துவது) இல்லாததே காரணம். மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை பத்துப் பிக்சல் தள்ளிவிடு. ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் ஃபோகஸ் பார். நிலா இருக்கும் இரவை ஹைட்ரஜனுக்குக் கொடு; சிதறும் நிலவொளி ஆக்ஸிஜன் பக்கம்தான் அதிகம் கெடுக்கும்.

எஃப்/2 டெலஸ்கோப் (குவியத்தூரம் விட்டத்தைப்போல இரண்டே மடங்கு) வாங்கினால், கையிலுள்ள, 3 நானோமீட்டர் அகலப் பட்டையை மட்டும் விடும் ஃபில்டரை அப்படியே மாட்டாதே. ஓரக் கதிர்கள் சாய்ந்து விழுவதால் பட்டை நீலப் பக்கம் நகர்ந்து, ஆக்ஸிஜன் கோட்டின் வெளிச்சம் கணிசமாக வெட்டுப்படும். எஃப்/2க்கென்றே பட்டையை முன்கூட்டி நகர்த்திச் செய்த ஃபில்டர்தான் வேண்டும்.

வண்ணப் படமாகச் சேர்க்கும்போது சிவப்புக்கு ஹைட்ரஜன், பச்சைக்கும் நீலத்துக்கும் ஆக்ஸிஜன். முதலில் நட்சத்திரங்களை நீக்கிவிட்டு நெபுலாவை மட்டும் ஸ்ட்ரெட்ச் செய் (மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கு). நட்சத்திர நிறத்துக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல) ஃபில்டர்களில் 30 விநாடி ஃப்ரேம்கள், ஒவ்வொன்றிலும் இருபது போதும்.

ஃபில்டரைத் திருப்பியதும், ஸ்ட்ரெட்ச் செய்யாத ஆக்ஸிஜன் ஃப்ரேம் ஒன்றை அனுப்பு. வளையம் சிறுத்ததா, பார்த்துச் சொல்கிறேன்.