மழைக்கு முன் மேல்தளம்: நம் படிப்பகத்துக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நம் தெருவினரின் சந்தாவிலேயே நடந்துவரும் படிப்பகத்தின் மேல்தளம் வரும் வடகிழக்குப் பருவமழையைத் தாங்காது என்று பொறியாளரும் கொத்தனாரும் ஒருமித்துக் கூறிவிட்டனர். திருப்பணிக்கு மொத்தம் ரூ.6,40,000 தேவை. இதுவரை சேர்ந்திருப்பது ரூ.3,85,000. எஞ்சிய ரூ.2,55,000 செப்டம்பர் 10ஆம் தேதிக்குள் கைக்கு வந்தால்தான் ஐப்பசி பிறப்பதற்குள் வேலையை முடிக்க இயலும் என்பதால், இவ்வேண்டுகோளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

தேதியை ஏன் இவ்வளவு கறாராகக் குறிப்பிடுகிறோம் என்று சிலர் கேட்டனர். நம் கட்டடம் மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் அடித்து அடித்துக் கெட்டிப்படுத்தி, கடைசியில் தட்டோடு பதிப்பது அந்த முறை. இடையில் ஒரு காலத்தில் ஒழுக்கை அடைப்பதற்காக மேலே சிமெண்ட் பூசப்பட்டது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கியதால், நான்கு சட்டங்களின் முனைகள் சுவருக்குள்ளேயே உளுத்துப்போயின. சென்ற மாதம் ஆசாரி ஒரு சட்டத்தின் முனையில் திருப்புளியைக் குத்தியபோது, அது பிடிவரை உள்ளே இறங்கியது. அன்றைக்கே அம்மூலையிலிருந்த அலமாரிகளை நகர்த்திவிட்டுச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்திருக்கிறோம். சுண்ணாம்புத் தளத்தை அடித்து முடிக்கவே மூன்று வாரம் பிடிக்கும். அதன் பிறகும் அது நிதானமாகத்தான் இறுகும். பாதி இறுகிய தளத்தின் மேல் பெருமழை விழுந்தால் போட்ட பணம் அத்தனையும் மழைநீரோடு போய்விடும்.

படிப்பகம் பிறந்த ஆண்டைப் பற்றி நம் மூத்தோரிடையே இன்றும் வழக்கு தீரவில்லை. ஆயினும் கையிலிருக்கும் மிகப் பழைய ரசீதுப் புத்தகத்தில் சந்தா அணாக் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால், புதுப் பைசா நடைமுறைக்கு வந்த 1957ஆம் ஆண்டுக்கு முன்பே இது இயங்கியது என்று அடித்துச் சொல்லலாம். பெரம்பூர் பின்னி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ரயில்வே பணிமனைக்கும் போய்வந்தவர்கள், சம்பள நாளன்று ஆளுக்கு நாலணா எடுத்துவைத்து, ஒரு திண்ணையில் இரண்டு நாளிதழ்களோடு தொடங்கியது இது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள்.

அவர்கள் எந்த மண்ணில் நின்று இதைச் செய்தார்கள் என்பதையும் இளையோர் அறிய வேண்டும். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரை முன்னிட்டுச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, தொழிற்சங்க முன்னோடிகளான பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களிடையே நின்று பேசினார்கள். 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் இந்நாட்டின் முதல் மே தினத்தை இதே நகரில் கொண்டாடிய சிங்காரவேலர், வீடு நிறைய நூல்களைச் சேர்த்து வைத்திருந்தவர். ஏழுகிணற்றில் வள்ளலார் வாழ்ந்த வீடு நமக்குப் பக்கம். காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்று உணர்ந்த பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூர், நடந்தே போய்வரக்கூடிய தூரம். வட சென்னை என்றாலே அரிவாளோடு ஓடும் ஆட்களைத் திரையில் காட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது? பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோது, வேலை இழந்தவர்களில் பலர் பழைய ஷிப்ட் நேரம் தவறாமல் இங்கு வந்து நாளிதழ் விரித்து உட்கார்ந்தார்கள். வீட்டில் இருந்தால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க நேருமே என்று வந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்நாட்களில் இவ்விடம் செய்த உதவிக்கு எந்த ரசீதும் இல்லை.

இப்போது இங்கே நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நன்கொடை கேட்பது செங்கல்லுக்காக மட்டும் அன்று. சனிக்கிழமை மாலைதோறும் நாவல் வாசிப்பு நடக்கிறது. கண் மங்கிய மூத்தவர்கள் நாற்காலிகளில் அமர, பள்ளிப் பிள்ளைகள் முறைவைத்துப் படிக்கிறார்கள். பெரும்பாலும் படிக்கப்படுவது, நம் தெருப் பெண்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வார இதழ்த் தொடர்கதைகளை வாரந்தோறும் கத்தரித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் படிப்பகத்துக்குக் கொடுத்த தொகுதிகள். அவ்வாறானவை இருநூறுக்கு மேல் உள்ளன. கதையின் பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரமும் பாதியில் அறுந்த துணுக்கும் இருக்கும். பிள்ளைகள் அவற்றையும் விடாமல் படித்துச் சிரிக்கிறார்கள்.

அண்மையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இத்தகைய ஒரு தொகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்குப் பின் நேரே இருபத்து நான்கு வந்தது. அந்த ஒரு வாரத்து இதழைக் கொண்டு தம் மாமியார் அடுப்புப் பற்றவைத்துவிட்டார் என்று, அதைத் தைத்துக் கொடுத்த எழுபத்தெட்டு வயது அம்மையார் எழுந்து விளக்கம் கூறினார். "அதுல என்ன நடந்துச்சு ஆயா?" என்று சிறுமி கேட்க, அவரும் விடுபட்ட அத்தியாயத்தை நினைவிலிருந்தே சொல்லத் தொடங்கினார்: அக்காள் நகையை அடகு வைத்துத் தம்பியைப் படிக்க அனுப்பினாள் என்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் இடைமறித்து, நகையை விற்றவன் தம்பிதான், அக்காளுக்கு அது தெரியவே தெரியாது என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சிறுமி இரண்டையும் கோடு போட்ட தாளில் எழுதி, இருவரிடமும் படித்துக் காட்டித் திருத்தம் வாங்கி, அத்தொகுதியிலேயே ஒட்டிவிட்டாள். ஆகவே அந்த நாவலுக்கு இப்போது இருபத்து மூன்றாம் அத்தியாயம் இரண்டு உண்டு. வேறு எந்தப் பதிப்பிலும் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருப்பதாக எங்கள் செயலாளர் பெருமையோடு கூறிவருகிறார்.

வார நாட்களில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மேசையின் ஒரு பக்கமும், ஓய்வூதியர்கள் மறுபக்கமும் அமர்கிறார்கள். பெரியவர்களின் ஓய்வூதிய வாழ்நாள் சான்றைக் கைப்பேசியில் இளைஞர்கள் பதிந்து தருகிறார்கள். அஞ்சலகத்தில் கணக்குப் பார்த்த பெரியவர் ஒருவர் வட்டிக் கணக்கை மனத்தாலேயே போடும் வழியை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். யார் யாருக்கு உதவி செய்கிறார்கள் என்று எங்களால் இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேரம் பலகைதான் அவ்வப்போது சண்டைக்குக் காரணம். அது வேறு கதை.

இனிச் செலவுக் கணக்கு. உளுத்த நான்கு தேக்குச் சட்டங்களை மாற்ற ரூ.1,36,000. பழைய சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புத் தளம் போட ரூ.2,48,000; இதில் பெரும்பகுதி கூலி, ஏனெனில் கட்டை பிடித்துத் தளம் அடிக்கத் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. தட்டோடு பதிக்க ரூ.92,000. ஈரத்தில் ஷாக் அடிக்கும் பழைய மின்கம்பிகளை மாற்ற ரூ.44,000. தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய இரும்பு அலமாரிகளுக்கு ரூ.72,000. சிதைந்த புத்தகங்களை பைண்டு செய்ய ரூ.48,000. அனைத்தையும் இடித்துவிட்டு கான்கிரீட் போடலாமே என்ற யோசனையும் வந்தது. கடல் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து விழும் வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை என்பதை எண்ணிப் பார்த்து அந்த யோசனையைக் கைவிட்டோம். அதற்கு ஆகும் செலவும் நம் சக்திக்கு மீறியது.

அலமாரியை உயர்த்தச் சொல்லும்போதே 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நினைவுக்கு வருகிறது. முழங்காலளவு நீர் உள்ளே புகுந்து, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்தன. அப்போது உதவியவர்களுக்கு நாங்கள் முறையாக நன்றி சொல்லவே இல்லை என்ற குறை இருக்கிறது, இப்போதாவது சொல்கிறோம். கூலி வாங்காமல் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களை ஏற்றிச்சென்ற ஆட்டோ நிறுத்தத்துத் தம்பிமார்கள். தங்கள் மாடி அறையைத் திறந்துவிட்டு, மூன்று மாதம் அதைக் காலி செய்யச் சொல்லாத பள்ளிவாசல் ஜமாஅத்தார். மாதா கோயில் கூடத்து மின்விசிறிகளுக்கடியில் பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகிப் புத்தகம் உலர்த்திய இளைஞர்கள். அத்தனை பேருக்கும் சோறு ஆக்கிப்போட்ட மகளிர் குழுவினர். தம் வீடும் நனைந்திருந்த நிலையில் ஐந்நூறு ரூபாயை மடித்துக் கொண்டுவந்து கொடுத்த இஸ்திரிக் கடைக்காரர். இப்போது சேர்ந்துள்ள ரூ.3,85,000இல், மூன்று பெரிய தொகைகள் நீங்கலாக, மற்றவை யாவும் நூறும் இருநூறுமாக வந்தவை. மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் காசிமேடு போகும் அம்மா ஒருவர் வாரம் தவறாமல் ஐம்பது ரூபாய் கொடுக்கிறார். தமக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி படிக்கிறாள் என்கிறார். அவருக்கு நாங்கள் என்ன நன்றி சொல்வது? எல்லோருடைய பெயரும் அறிவிப்புப் பலகையில் உள்ளது. பெயர் வேண்டாம் என்றவர்களை இறைவன் அறிவான்.

வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோமே, பிறகு நன்கொடை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டதன் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது; அவ்வரி அச்சட்டத்தின்படி அரசுப் பொது நூலகங்களுக்குச் செல்கிறது. நம் படிப்பகத்துக்கு அதிலிருந்து எதுவும் வருவதில்லை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது என்பதும் உண்மை. அங்கே குளிர்ச்சியாக அமர்ந்து படித்துவந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் பேருந்து ஏற இயலாத எழுபத்தெட்டு வயது அம்மையாரை மாலை ஆறு மணிக்கு அங்கே யார் அழைத்துப்போவது?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மேசையில் படித்துத் தேர்வில் வென்று, இன்று மாதவரத்திலும் அம்பத்தூரிலும் கடல் கடந்தும் வசதியாக வாழ்பவர்கள் நம்மிடையே பலர். அவர்களில் சிலருக்கு மூன்று முறை கடிதம் எழுதியும் பதில் இல்லை. பிறந்த நாளுக்குத் தெருவை அடைத்துப் பதாகை வைக்கும் அன்பர்கள், ஒரு பதாகையின் செலவை இங்கே தந்தால் ஓர் அலமாரித் தட்டு நிற்கும். ஆடிக் கூழுக்கு அள்ளிக் கொடுத்த கைகள் இதற்கும் கொடுக்கும் என்று நம்புகிறோம். ஆத்தாளும் சரஸ்வதியும் வேறு வேறல்லர். சந்தாவைப் பல மாதங்களாக நிலுவையில் வைத்திருப்பவர்களின் பெயரை இம்முறை பலகையில் எழுதவில்லை. எடுத்த புத்தகத்தை ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருப்பவர்களுக்கும் அபராதம் இல்லை. புத்தகத்தைத் திருப்பித் தந்து, மனத்துக்குத் தோன்றியதை உண்டியலில் போட்டால் போதும்.

பணமாகத் தர இயலாதவர்கள் பொருளாகத் தரலாம்: சுண்ணாம்பு, கடுக்காய், மண்டை வெல்லம், வேலையாட்களுக்கு ஒரு வேளை டிபன். பழைய வீடு இடிப்பவர்கள் உளுக்காத தேக்குச் சட்டம் கொடுத்தால் செலவில் பெரிய தொகை குறையும். ஓர் அலமாரித் தட்டுக்கு ரூ.3,000 தருபவர்களின் பெயர் ‘உபயம்’ என்று அதன் விளிம்பில் எழுதப்படும். எங்களிடம் 80ஜி சான்று இல்லை. ஆகவே வருமான வரிச் சலுகை கிடையாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம்.

பொருளாளர் நாள்தோறும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை படிப்பகத்தில் இருப்பார். வங்கிக் கணக்கு விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. முத்திரையும் எண்ணும் இல்லாத ரசீதுக்கு எவரும் பணம் தர வேண்டாம். வரவு செலவு ஞாயிறுதோறும் பலகையில் எழுதப்படும். பணம் மிஞ்சினால் அது புத்தகம் பைண்டு செய்யும் கணக்கில் சேரும். வேலை நடக்கும் நாட்களில் சனிக்கிழமை வாசிப்பு எதிர்வீட்டுத் திண்ணையில் வழக்கம்போல் நடைபெறும்; நாற்காலி போதாது என்பதால் வருவோர் பாய் கொண்டுவர வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
படிப்பகத் திருப்பணிக் குழுவினர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.