செல்வராணிக்கு: கறி யார் தட்டில் விழுகிறது?

பண்டாரவளை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வராணி,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உன் மகள் கவிதாவுக்கு ஆறாம் மாதம் என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அடுத்த வரியிலேயே கிளினிக்கில் இரத்தம் 10.1தான் இருக்கிறது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அதிலிருந்து மனசு உங்கள் வீட்டிலேயே நிற்கிறது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் நீ கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறேன். கவிதாவுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில், பயப்படாதே. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பார்கள். நடு மூன்று மாதத்தில் மட்டும் 10.5 வரை விட்டுக்கொடுப்பார்கள். 10.1 ஏற்றக்கூடிய அளவுதான். ஆனால் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிட்டுக் கறியால் மட்டும் ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வயிற்றைப் பிரட்டுகிறது, கறுப்பாகப் போகிறது என்று அவள் இரண்டு நாளைக்கு ஒன்றுதான் போடுகிறாளாம். கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் குணம், அதில் பயமில்லை. பிரட்டல் தாங்க முடியாவிட்டால் இராச்சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்போது போட்டுப் பார்க்கட்டும், அல்லது கிளினிக்கில் சொல்லி வேறு வழி கேட்கட்டும். தானாக நிறுத்தவே கூடாது. அதோடு கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம், ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

அடுத்தது தேத்தண்ணி. நாம் பிறந்து வளர்ந்ததே தேயிலைக்குள், அதனால் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை மாற்றாமல் மற்ற எதை மாற்றியும் பெரிய பலன் இல்லை. காலையில் ரொட்டியையும் சம்பலையும் பிட்டு வாயில் போட்டு, மேலே சாயத்தண்ணியைக் குடித்து இறக்குகிறோம். பருப்பிலும் கீரையிலும் மாவிலும் இருக்கிற இரும்பை அந்தச் சாயம் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு எடுக்காது. மாத்திரைக்கும் இதே கதிதான். தேத்தண்ணியை அடியோடு விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ குடிக்கட்டும். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்த தண்ணீர் போதும். புளிப்பில் இருக்கிற விட்டமின் சி இரும்பை உள்ளே சேர்த்துவிடும். சம்பலில் தேசிக்காயைத் தாராளமாகப் பிழி, வல்லாரைச் சம்பலிலும் அப்படித்தான். பின்னேரம் ஒரு கொய்யாப்பழம் கொடு. உங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் அந்த மரம் இன்னும் இருக்கிறதுதானே?

இனி நீ கேட்ட கறி விஷயம். "எவ்வளவு கறி வாங்கிப் போட வேண்டும்?" என்று எழுதியிருந்தாய். நான் முதலில் கேட்பது, வாங்குகிற கறி யார் தட்டில் விழுகிறது என்பதைத்தான்.

கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த காலம் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தீபாவளி முற்பணம் வந்ததும் தோட்டத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆடு வாங்கி வெட்டிக் கூறு போடுவார்கள். மறுநாள் காலை பிள்ளைகள் கொண்டுவரும் பகல் சாப்பாட்டைத் திறந்தால் சோறு சிவப்பாகக் குழம்பில் குளித்திருக்கும், ஓரத்தில் ஒரு உருளைக்கிழங்கு இருக்கும். கறித்துண்டைத் தேடிப் பார்க்க வேண்டும். கேட்டால், "சின்னப் பிள்ளைக்குச் செரிக்காது டீச்சர், குழம்பு மட்டும் ஊற்றினேன்" என்று தாய் சொல்வாள். அவளைக் கேட்டால் அவளும் குழம்புதான் சாப்பிட்டிருப்பாள். முதல் சட்டி ஆம்பளைகளுக்கு, அடுத்தது பெரிய பையன்களுக்கு, கடைசியில் சுரண்டியது பொம்பளைகளுக்கு. விடிந்தால் கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறிக்கிறவளும் அவள்தான், மாதா மாதம் இரத்தம் இழக்கிறவளும் அவள்தான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறாது. திரிபோஷா சத்துமாவும் இப்படித்தான். கர்ப்பிணித் தாய்க்கென்று கொடுக்கும் பாக்கெட்டை உருண்டை பிடித்து வீடே சாப்பிட்டுத் தீர்த்துவிடும். கவிதாவின் பாக்கெட்டை நீயே எடுத்து வைத்து, தினமும் அவள் கையில் கொடு.

குழம்பில் ருசி இறங்கும், கொஞ்சம் உப்பும் கொழுப்பும் இறங்கும். இரும்பும் புரதமும் துண்டில்தான் நிற்கின்றன. எலும்பு சூப்பும் அதே கதைதான். குளிருக்கு இதமாக இருக்கும், குடிக்கட்டும். ஆனால் நம்மவர்கள் நம்புகிற அளவுக்கு அதில் கல்சியமும் இல்லை, இரத்தம் ஊறுகிற சத்தும் இல்லை. அந்த எலும்பில் ஒட்டியிருக்கிற சதையைப் பிய்த்து அவள் தட்டில் வை. கிழமைக்கு இரண்டு நாள், உள்ளங்கை அளவு கறி கவிதாவுக்கென்று ஒதுக்கினால் போதும். கூடவே பருப்போ கீரையோ இருக்கட்டும், ஏனென்றால் கறியோடு சேர்ந்தால் அவற்றின் இரும்பும் நன்றாக உடம்பில் பிடிக்கும். மற்ற நாட்களில் நன்றாக வேகவைத்த முட்டை, தலையோடு முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி. நீர்த்தேக்கத்து திலாப்பியா சந்தைக்கு வருகிற நாளில் அதையும் வாங்கு.

உன் பேரனுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதே, அவனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளைக்குக் கறி, மீன், முட்டை எல்லாம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கோழித் தொடையை உறைப்பில்லாமல் குழைய வேகவைத்து, எலும்பு எடுத்து, அம்மியில் வைத்து மசித்துச் சோற்றோடு பிசைந்து கொடு. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு அந்த வயதில் தீர்ந்துபோகும், தாய்ப்பாலில் கிடைப்பதும் காணாது. செரிக்காது என்று யாராவது சொன்னால் நான் சொன்னதாகச் சொல்லு.

ஈரல் நல்லதா என்று கேட்டிருந்தாய். உனக்கும் மருமகளுக்கும் ரொம்ப நல்லது, கோழி ஈரலில் இருக்கிற அளவு இரும்பு அதன் சதையில் கிடையாது, விலையும் குறைவு. ஆனால் கவிதாவுக்கு இப்போது வேண்டாம். ஈரலில் விட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அது அதிகமாகப் போகக்கூடாது. இரத்தம் ஊறும் என்று அக்கம்பக்கத்தார் அன்போடு வறுத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொண்டு நீ சாப்பிடு.

வாங்குகிற இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். மகன் இப்போது வெள்ளாடு வளர்க்கிறான், கொஞ்சம் நாட்டுக்கோழியும் இருக்கிறது, அதனால் கறிக்கடைக்காரர்களோடு எங்களுக்குப் பழக்கம் அதிகம். ஆட்டுக்கறி என்றால் அனுமதி உள்ள கடையில், பரிசோதித்து முத்திரை குத்திய உடலிலிருந்து உன் கண் முன்னால் வெட்டி வாங்கு. விரலால் அழுத்தினால் குழி உடனே மேலெழும்ப வேண்டும். கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ ஓரம் பச்சையோடினாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. பாக்கெட்டில் உறைந்த கோழி வாங்கும்போது அடியைத் திருப்பிப் பார். சிவப்புத் தண்ணீர் கட்டியாக உறைந்து கிடந்தால் ஒருமுறை உருகி மறுபடியும் உறைந்த கோழி அது. மின்சாரம் போய்வருகிற ஊர்களில் இது சாதாரணம். சமைத்த பிறகு எலும்பையொட்டிச் சதை கறுத்திருந்தால் மட்டும் வீசிவிடாதே. இளங்கோழியின் எலும்பிலிருந்து மச்சை கசிந்து அப்படிக் கறுக்கும், கெட்டது அல்ல.

"ஊசி போட்டு வளர்த்த கோழி, கர்ப்பிணிக்கு ஆகாது" என்று உன் நாத்தனார் சொன்னாராம். அப்படி ஊசி போட்டுத்தான் பிரொயிலர் கோழி வளர்கிறது என்பது உண்மையில்லை. ஆறு கிழமையில் அது வளர்வதற்குக் காரணம் அந்த இனமும் தீவனமும்தான். கவனிக்க வேண்டியது வேறு: நோய்க்கு மருந்து கொடுத்த கோழியை, மருந்து உடம்பை விட்டு இறங்குவதற்குச் சொன்ன நாட்கள் முடியாமல் விற்பது. அதற்குத்தான் தெரிந்த ஆளிடமோ நம்பிக்கையான கடையிலோ வாங்கச் சொல்கிறேன். நாட்டுக்கோழி ருசி என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை, ஆனால் அதன் விலைக்கு இரண்டு பிரொயிலர் வாங்கலாம் என்றால், இரண்டு வாங்கி எல்லோர் தட்டிலும் துண்டு விழச் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்று, கோழியைத் தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோய்க் கழுவாதே. தண்ணீர் வேகமாக விழும்போது பச்சைக் கோழியில் இருக்கிற கிருமி நாலா பக்கமும் தெறிக்கும், அதே இடத்தில்தானே குடிக்கிற தண்ணீரும் பிடிக்கிறீர்கள். கழுவியே ஆகவேண்டும் என்றால் ஒரு சட்டித் தண்ணீரில் மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைத் தள்ளி ஊற்று. அப்புறம் கையையும் கத்தியையும் பலகையையும் சோப் போட்டுக் கழுவு. கோழி முழுக்க வெந்தால் கிருமி செத்துவிடும். பகல் வைத்த குழம்பை இரவு வரை அடுப்படியில் விடாதே, நம்மூர்க் குளிரை நம்பி விடவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடி, அல்லது ஃபிரிட்ஜில் வை.

பெரிய பேரப்பிள்ளைகளுக்கு ஸ்கூல் சாப்பாட்டில் தினமும் சொசேஜ் வைப்பதாக எழுதியிருந்தாயே, அதைக் குறைத்துவிடு. உப்பும் மருந்தும் போட்டுப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம், அதாவது ஒரு சொசேஜ் அளவு, சாப்பிட்டாலே குடல் புற்றுநோய் ஆபத்து 18 வீதம் ஏறுகிறதாம். என்றாவது ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடட்டும். அந்தக் காசுக்கு முட்டை வாங்கினால் மிச்சமும் வரும். சோயா மீட் பரவாயில்லை, புரதம் உண்டு, கூட வருகிற மசாலாப் பாக்கெட்டில் பாதியைப் போடு.

அண்ணனின் பிரஷருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாய். கருவாட்டை நிறுத்தச் சொன்னால் அவர் என்னோடு பேசவே மாட்டார், அதனால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிறகு சமை, அன்றைக்குக் குழம்பில் உப்பே வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டி உப்புக்குள் இருக்க வேண்டும், 5 கிராம். ஊறுகாயும் கருவாடும் சேர்ந்தால் அதிலேயே தாண்டிவிடும். வெற்றிலையை விடுவதும் அவருக்கு நல்லது, புகையிலையை உடனே விட வேண்டும். இதைப் பற்றி நேரில் நானே பேசுகிறேன்.

அப்புறம் தண்ணீர். உன் மருமகள் மலைக்குப் போகும் நாளில் காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். ஏன் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மலையில் ஒதுங்க இடமில்லை, கங்காணி பார்க்கிறார், கொழுந்து நிறுவைக்கு நேரமாகிறது. அடக்கி அடக்கித்தான் நம் பெண்களுக்கு நீர்க்கடுப்பும் சிறுநீரில் கிருமியும் வருகின்றன. ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீரைக் கூடையில் போட்டுவிடு, பகல் சாப்பாட்டுக்கு வரும்போதாவது குடித்து முடிக்கட்டும். ஒதுங்க இடம் கேட்டுத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும். அது தனியொருத்தி சமாளிக்கிற விஷயம் இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். பெரிய ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கொஞ்சம் மெலிவு, மகன் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறான். வெலிமடைப் பக்கம் மழை பிடித்ததால் சந்தையில் மரக்கறி விலை ஏறிப்போயிருக்கிறது, லீக்ஸைத் தொட முடியவில்லை. முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, நடக்கிறேன்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே வரப் பார்க்கிறேன். ஹட்டனில் மஸ்கெலியா பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுது. நாட்டுக்கோழி முட்டை கொண்டுவருகிறேன், கவிதாவுக்கு வேறு என்ன சாப்பிட ஆசை என்று அவளிடமே கேள். அடுத்த கிளினிக்கில் இரத்தம் பார்த்ததும் எத்தனை என்று உடனே போன் பண்ணு.

அன்புடன்,
புஷ்பம்