ஈரல் நோயாளியின் வாயையும் ஒருமுறை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஈரல் நோய் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், நல்ல விடயம். குடியை விடுங்கள், உப்பைக் குறையுங்கள், சீனியைக் கட்டுப்பாட்டில் வையுங்கள் என்று எல்லாம் வருகிறது, ஆனால் பல்லையும் அதைப் பிடித்திருக்கும் முரசையும் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, ஈரல் சுருக்கம். சிரோசிஸ் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். அவர் சாராயம் தொட்டதே இல்லை, நீண்டகால நீரிழிவும் ஈரலில் படிந்த கொழுப்பும்தான் காரணம் என்றார்கள் (இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஈரல் வருத்தம் என்றவுடனேயே ஊர்ச் சனம் வேறு மாதிரிப் பார்க்கிறது, அந்த வெட்கத்தில் கிளினிக்குக்கே போகாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்). அவரோடு துணைக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் கவனித்திருக்கிறேன். வயிற்றைத் தட்டிப் பார்க்கிறார்கள், கால் வீக்கம் பார்க்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. டொக்டர்மாரில் பிழை சொல்ல நான் வரவில்லை, அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளுக்குக் கிடைக்கிற நேரத்தில் அவர்கள் செய்வதே பெரிய காரியம். ஆனால் முறை என்று ஒன்று இருந்தால் நேரம் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

எதற்காக வாய்? நாங்கள் ஒரு நாளில் அரை லீற்றரில் இருந்து ஒன்றரை லீற்றர் வரை எச்சிலை விழுங்குகிறோம், அதோடு கோடிக்கணக்கான பக்றீரியாவும் உள்ளே போகிறது. சுகமான உடம்பில் வயிற்றின் அமிலமும் ஈரல் சுரக்கும் பித்தமும் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். ஈரல் சுருங்கிப்போனவருக்குக் குடலுக்கு வரும் பித்தம் குறைகிறது, அதோடு பலர் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் போன்ற குளிசையும் போடுகிறார்கள், ஆகவே வாயில் இருக்க வேண்டிய கிருமி குடலில் போய்க் குடியிருக்கத் தொடங்குகிறது. 2014 இல் சீன ஆய்வாளர்கள் நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், ஈரல் சுருக்க நோயாளிகளின் குடலில் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்து இனங்காணப்பட்ட பக்றீரியா வகைகளில் 54 சதவீதம் வாயைச் சேர்ந்தவை என்று கண்டார்கள். ஸ்ட்ரெப்டொகொக்கஸ், வெயிலொனெல்லா என்ற இனங்கள் அதில் முக்கியம், இரண்டும் எங்கள் எல்லோருடைய வாயிலும் சாதாரணமாக இருப்பவைதான். இடம் மாறும்போதுதான் ஆபத்து.

ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கத்தில் இருந்து வருவது. நோய் முற்றும்போது குடற்சுவரும் பலவீனமாகி, கிருமியும் அதன் நச்சும் கசிந்து அந்த இரத்தத்தோடு நேரே ஈரலுக்குப் போகிறது, ஏற்கனவே களைத்துப்போன ஈரலால் அதை வடிகட்ட முடிவதில்லை. இந்த நோயில் வயிற்றில் தேங்கும் தண்ணீரில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அப்புறம் அமோனியா. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டொகொக்கஸ் சிலவற்றுக்கு யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும் திறன் உண்டு, அது இரத்தத்தில் கூடினால் மூளை குழம்புகிறது. பகலில் நித்திரை, இரவில் முழிப்பு, கை நடுக்கம், கையெழுத்து மாறிப்போதல், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுதல், இதெல்லாம் அதன் அறிகுறிகள். எத்தனையோ வீடுகளில் இதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து ஆய்வாளர்கள் 2018 இல் ஒன்று செய்து பார்த்தார்கள். ஈரல் சுருக்கமும் முரசு நோயும் சேர்ந்து இருந்தவர்களுக்கு முரசின் அடிவரை முறையாகச் சுத்தம் செய்துவிட்டு, 30 நாள் கழித்துப் பார்த்தபோது குடல் பக்றீரியாவின் நிலை சீரடைந்திருந்தது, இரத்தத்தில் அழற்சி குறைந்திருந்தது, முன்பு மூளைக் குழப்பம் வந்தவர்களின் அறிவாற்றல் சோதனையும் முன்னேறியிருந்தது. சிறிய ஆய்வுதான். பல்லைச் சுத்தம் செய்தால் சுருங்கிய ஈரல் திரும்பிவிடும் என்று யாராவது இதை வைத்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இவ்வளவு மலிவான, ஆபத்துக் குறைந்த ஒரு உதவியை எங்கள் நோயாளிகளுக்கு ஏன் கொடுக்காமல் இருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

வீட்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும். முரசில் இரத்தம் வருகிறது என்று பயந்து நோயாளி பல் மினுக்குவதையே விட்டுவிடுகிறார், அழுக்குப் படிய முரசு இன்னும் வீங்கி இன்னும் கூட இரத்தம் வருகிறது. விட வேண்டாம், மெத்தென்ற பிரஷ் வாங்கி, புளோரைட் உள்ள பற்பசையோடு காலையும் இரவும் மெதுவாக மினுக்கச் சொல்லுங்கள். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று வளர்ந்த எங்கள் பெரியவர்களுக்கு பிரஷ் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் இரத்தம் சீக்கிரம் உறையாத ஒருவர் குச்சியால் முரசைக் குத்திக்கொள்வது சரியில்லை. பொய்ப்பல் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். மலம் இளக, அமோனியா குறையக் கொடுக்கும் லக்ரியுலோஸ் பாணி நல்ல இனிப்பு, அது குடித்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். நீர் போவதற்கான குளிசைகள் வாயை வறள வைக்கும், வறண்ட வாயில் கிருமி பெருகும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் சிலவற்றில் அற்ககோல் இருக்கும், போத்தலைத் திருப்பிப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் பல் குத்தும்போது நடப்பது. சூத்தைப் பல் குத்துகிறது என்றால் நேரே பாமசிக்குப் போய் டைக்ளோபெனாக், இபுபுரோபென் என்று வாங்கிப் போடுகிறோம். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம், உணவுக்குழாயில் புடைத்திருக்கும் நாளங்களில் இரத்தப் பெருக்கு வரலாம். பனடோல் போடலாம், ஆனால் அதற்கும் அளவு உண்டு, பொதுவாக 24 மணித்தியாலத்துக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பார்கள், அதாவது 500 மில்லிகிராம் குளிசை 4. உங்கள் டொக்டரைக் கேட்டு அந்த அளவைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். பல் பிடுங்குவதற்கு முன் பல் வைத்தியரிடம் ஈரல் வருத்தத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் உறைய வேண்டிய புரதங்களைச் செய்வது ஈரல், அது சோர்ந்தால் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காமல் போகலாம், ஆகவே முன்கூட்டியே இரத்தச் சோதனை வேண்டும். இன்னொன்று, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒமெப்பிரசோலை யாரும் தானாக நிறுத்த வேண்டாம். சிலருக்கு அது அவசியமாகவே கொடுக்கப்பட்டிருக்கும். இன்னும் தேவையா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், அது போதும்.

இனி நான் கேட்பது. கர்ப்பிணித் தாய்மாரைப் பல் பரிசோதனைக்கு அனுப்பும் முறை எங்கள் நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. இதய வால்வு சத்திரசிகிச்சைக்கு முன்னரும் ஈரல் மாற்றுவதற்கு முன்னரும் பல் பார்க்கிறார்கள். அப்படியானால் ஈரல் மாற்றும் கட்டத்துக்குப் போகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஈரல் சுருக்கம் என்று கொப்பியில் எழுதும் அன்றே பல் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் பருத்தித்துறை, தெல்லிப்பழை போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் பல் சிகிச்சை இலவசமாகவே இருக்கிறது, புதிதாகக் கட்டடம் கேட்கவில்லை, இயந்திரம் கேட்கவில்லை. கிளினிக் நாளிலேயே பல்லையும் பார்த்துவிட வழி செய்தால் போதும். நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, வீங்கிய வயிற்றோடு வருகிற ஒருவரைப் பல்லுக்கு வேறொரு நாள் வா என்றால் அவர் வரமாட்டார். வரவும் முடியாது.

எங்கள் பல்கலைக்கழக மருத்துவபீட மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வடக்கில் ஈரல் கிளினிக்குக்கு வருபவர்களின் முரசும் பல்லும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு கணக்கெடுப்பைச் செய்யுங்கள், அந்த எண்ணிக்கை கையில் இருந்தால் சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பது எங்களுக்குச் சுலபம். ஆசிரியர் அவர்களே, ஒரு பல் வைத்தியரையும் ஒரு ஈரல் வைத்திய நிபுணரையும் சேர்த்து வைத்து, ஈரல் நோயாளி வீட்டில் செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் கேட்டு உங்கள் பக்கத்தில் போடுங்கள். வயதானவர்களும் படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் போட்டால், வெட்டிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.