ஆத்தங்குடிக் கல்லும் முந்திரி வட்டியும்: தம்பிக்கு

தம்பி,

நீ எழுதிவரும் மந்திரப் பள்ளிக் கதை நோட்டைக் கூரியரில் போட்டுவிட்டேன். 11 அத்தியாயமும் அப்படியே இருக்கின்றன. ஓரத்தில் நான் பென்சிலால் கிறுக்கியதையும் அழிக்கவில்லை. அடுத்த வாரம் பிள்ளையார் நோன்பு. போன நோன்புக்குப் பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்று ஆத்தா சொன்னார்கள்.

அன்றைக்கு நோன்புச் சடங்கான இழை எடுத்த கையோடு வளவில், முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஏழாம் அத்தியாயத்தை வாசித்தாய். மந்திரப் பள்ளியில் 15 வயதுப் பெண் தன் முதல் ஆத்தங்குடிக் கல்லை, தரையில் பதிக்கிற பூக்கல்லை, வார்க்கிறாள். வார்த்ததைச் சூளையில் வைக்கிறாள். "ஆத்தங்குடிக் கல்லை யாராச்சும் சூளையில வைப்பாங்களா?" என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ பக்கத்துக்கு அடையாளம்கூட வைக்காமல் நோட்டை மூடினாய்.

அத்தனை பேர் நடுவில் கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துவிடு. ஆனால் கேட்டது சரிதான், இப்போதும் அதையேதான் சொல்வேன். அந்த ஒரு சொல்லால் நீ இழந்தது எவ்வளவு என்று பார்.

மேசையில் கண்ணாடியை வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்கவேண்டும். கை கோணினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். உடனே உலர்ந்த மணல் சிமெண்டுத் தூளைத் தூவினால் அது ஈரத்தை உறிஞ்சும். அதற்குமேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் பண்ணி, இறுகியபின் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறவிட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஊறும் நாளைக் குறைத்தால் கல் வெடிக்கும்.

முக்கியமானது, கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது. வார்ப்பவளுக்குத் தெரிவது முதுகு மட்டும். உன் பெண் அச்சில்லாமல், கைவாகில் மந்திர எழுத்தை ஊற்றுகிறாள் அல்லவா? நேராக ஊற்றினால் முகத்தில் இடவலம் மாறித்தான் விழும். அவளுக்கு அது தெரியாது. தொட்டியிலிருந்து எடுக்கும்வரை திருப்பக் கூடாது என்று பள்ளியில் ஒரு விதி வை. அந்த நாட்களை இரண்டு அத்தியாயத்துக்கு இழு. திருப்பும்போது காக்க வேண்டிய மந்திரம் தலைகீழாகிக் கிடக்கட்டும். சூளை இந்தக் காத்திருப்பைத் தின்றுவிட்டது, தம்பி. எனக்கு வந்த ஆத்திரம் அதனால்தான். அதைச் சொல்லத் தெரியாமல் சூளையைச் சொன்னேன்.

பேரேட்டு மந்திரம் உன் சொந்தச் சரக்கு. அதை நினைத்து எத்தனையோ ராத்திரி சந்தோஷப்பட்டிருக்கிறேன். மந்திரம் போட்டால் மூச்சு பற்று, திருப்பிச் செலுத்தினால் வரவு. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அவள் வாங்கிய கடனைப் பதினோராம் அத்தியாயம் வரை யாருமே கேட்கவில்லையே? தண்டல் இல்லாத கடனுக்கு எந்த வாசகர் பயப்படுவார்? பழைய கணக்கு வாய்ப்பாடான எண்சுவடியை எடு. முந்திரி என்பது 320ல் ஒரு பங்கு. 320 மூச்சு கடன், நாளுக்கு முந்திரி வட்டி என்று வைத்தால் தினம் ஒரு மூச்சு போகும். 80ஆம் நாள் வட்டி மட்டும் அசலில் கால் பங்கு. வாசிக்கிற பிள்ளை விரலை மடக்கியே கணக்குப் போட்டுவிடும். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஐந்தொகை எடுத்து, பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார். தேறாவிட்டால் எங்கோ இலவச மந்திரம் புகுந்திருக்கிறது.

நம் நகரத்தார் பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயிலையும் மாணவர் அணிகளாக்கும் யோசனையை விட்டுவிடு. காரணம் உனக்குத் தெரியும். இதை நம் ஆட்களும் வாசிப்பார்கள், அதற்குமேல் இங்கே வேண்டாம்.

சுரங்கத்து ரகசிய நூலகத்தையும் எடுத்துவிடு. முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்தெரு வெளிச்சம் தெரிகிற வீட்டில் சுரங்கம் எதற்கு? பூட்டிக் கிடக்கும் உள்வீட்டு அறை போதும். சாவி பங்காளிகளிடம், ஆளுக்கொரு ஊரில். எல்லோரும் சம்மதித்தால்தான் கதவு திறக்கும் என்று வை. நீயும் நானும் அந்தக் கதவுகளுக்கு முன்னால்தானே வளர்ந்தோம்?

இப்போது உன் கதையின் சட்டாம்பிள்ளை, அந்த மூத்த மாணவி. "சரியாச் செய், இல்லாட்டிச் செய்யாதே" என்று அவள் சொல்கிறாளே, அது யார் வாய்ச்சொல் என்று வளவில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் சூளையைக் கேட்பதற்கு முன்பே, நாலாம் அத்தியாயத்திலேயே நீ அதை வாசித்தாகிவிட்டது. அப்போதும் சிரித்தார்கள். அதை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. அவளைக் கெட்டவளாக்கியதுகூடப் பெரிதில்லை. ஏன் அப்படி ஆனாள் என்று ஒரு வரி கொடுக்க உனக்கு மனசு வரவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத நேரம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும், பாடம் கேட்டதும் சட்டாம்பிள்ளைதான். அவனும் மாணவன்தான், வாத்தியார் பிரம்புக்கு அவன் முதுகும் உட்பட்டது. உன் பள்ளியில் அவள் சின்னவர்களின் கடனுக்கு ஜாமீன் நிற்கட்டும். அந்தப் பெண் கட்டாமல் விடுகிற, நாளுக்கு ஒரு மூச்சு, சட்டாம்பிள்ளையின் கணக்கில் கழியட்டும். யாரிடமும் அவள் சொல்லவேண்டாம். கல்லைத் திருப்பும் இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கட்டும், அந்தப் பெண் அதைப் பார்த்துவிடட்டும்.

பென்சில் குறிப்பில் வேண்டாததை அழித்துவிடு. 86ஆம் பக்கத்தில், மழைநாளில் பிள்ளைகள் வளவைச் சுற்றி நின்று முற்றத்துத் தண்ணீரில் எழுத்துப் பழகும் இடத்தில் மட்டும் கை வைக்காதே. அதன் ஓரத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை, கோடுதான் போட்டிருக்கிறேன்.

நோன்புக்கு வா. நோட்டு இல்லாவிட்டாலும் வா.

ஆச்சி