நெட்டுக்கு ஓடச் சொன்ன அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில் விம்பிள்டன் டென்னிஸ் பேச்சு வந்தபோது, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு செர்வ் போட்டதும் முன்னால் ஓடி நெட்டுக்கு வரத் தைரியமே இல்லை" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். நீ சண்டைக்கு வரவில்லை. "தரையே வேறப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன். அந்த இரண்டு வார்த்தை தூங்கவிடவில்லை. பழைய ஆட்டங்களைத் தேடி எடுத்து ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் போட்டது 1994 விம்பிள்டன் ஃபைனல். சாம்ப்ராஸ், இவானிசெவிச். என் நினைவில் அது பெரிய யுத்தம். இப்போது பார்த்தால் ஒரு செர்வ், நெட்டில் போய் விழும் ரிட்டர்ன், அடுத்த செர்வ். முதல் இரண்டு செட்டும் 6-6 சமனாகி டைபிரேக்கரில் முடிந்தன, மூன்றாவது 6-0. பந்து நாலு தடவை நெட்டைத் தாண்டினால் அதிசயம். கூட உட்கார்ந்திருந்த அம்மா, "இதையா இத்தனை வருஷமா பெருமையா சொல்லிட்டிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

நான் அதற்குப் பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் இரண்டாவது வாரம் வந்தால், கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனிலிருந்து நெட்டை நோக்கி ஒற்றையடிப் பாதை போல புல் தேய்ந்து பழுப்பாகக் கிடக்கும். செர்வ் போட்ட கையோடு ஓடினவர்களின் காலடித் தடம் அது. இப்போதைய ஃபைனல்களில் பேஸ்லைன் ஓரம் மட்டும் மண் தெரிகிறது. அதற்கு முன்னால் நெட்வரை பச்சைப் பசேல், யாரும் கால் வைக்காத வயல் மாதிரி.

2001ஆம் ஆண்டு விம்பிள்டனுக்குப் புல்லையே மாற்றியிருக்கிறார்கள். அதுவரை 70 சதவீதம் ரை புல், 30 சதவீதம் ஃபெஸ்க்யூ என்ற இன்னொரு வகைப் புல். அதன்பின் முழுக்க ரை புல்தான். 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். தேய்மானம் தாங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அடியில் மண்ணும் காய்ந்து இறுகியதாக ஆகிவிட்டது. பழைய தரையில் பந்து விழுந்ததும் வழுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே ஓடும். ஒரு பக்கம் எழும்பும், ஒரு பக்கம் எழும்பாது. ரிட்டர்ன் எடுப்பவர் குனிந்து தட்டிவிடுவதே பெரிய பாடு, அதற்குள் எதிராளி நெட்டில் நிற்பார். இப்போது அதே பந்து இடுப்புக்கு வருகிறது, நம்பி முழு வீச்சு வீசலாம். எல்லோரும் 'வேகம் குறைந்துவிட்டது' என்கிறார்கள். என்னைக் கேட்டால், பந்து ஒழுங்காக எழும்புவதுதான் பெரிய மாற்றம்.

அகாசி 1992லேயே பின்னால் நின்று ஜெயித்தானே என்று கேட்பாய். ஜெயித்தான். அந்தக் கண்ணும் கையும் வேறு எத்தனை பேருக்கு இருந்தது?

வேடிக்கை என்னவென்றால், புதுப் புல்லின் முதல் வருஷம் ஃபைனல் ஆடியது இவானிசெவிச்சும் ராஃப்டரும். இரண்டு பேரும் நெட்டுக்கு ஓடுகிற ஜாதி. தரை மாறினது கால்களுக்குத் தெரிய ஒரு வருஷம் பிடித்தது போலிருக்கிறது. 2002 ஃபைனலில் ஹியூவிட்டும் நல்பாண்டியனும் ஒரு பாயிண்டுக்குக்கூட செர்வ் போட்டு நெட்டுக்கு ஓடவில்லை. சாம்ப்ராஸுக்கு எதிராக 2001இல் விடாமல் நெட்டுக்கு ஏறின ஃபெடரரே, பின்னாளில் பெரும்பாலும் பேஸ்லைனில் நின்று ஜெயித்தார்.

பழி முழுவதையும் புல் மேல் போடவும் முடியாது. ராக்கெட்டுக்குப் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் (நரம்பு) வந்தது. 1997இல் குவெர்ட்டன் அதை வைத்துத்தான் பாரிஸில் பிரெஞ்சு ஓபன் பட்டம் வாங்கினார். முழு பலத்தோடு அடித்தாலும் டாப்ஸ்பின்னில், அதாவது முன்பக்கமாகச் சுழலும்போது, பந்து சட்டென்று இறங்கி, நெட்டுக்கு வருகிறவரின் காலடியில் விழும். அதைத் தரையில் படுமுன் அடித்து வாலி எடுப்பது நரகம். களிமண் தரை ராஜா நடால் 2008இல் 4 மணி 48 நிமிஷம் ஆடி ஃபெடரரைப் புல்லிலேயே வீழ்த்தினது எனக்கு அப்போது அநியாயமாகப் பட்டது. போன செவ்வாய்க்கிழமை மறுபடி முழுசாகப் பார்த்தேன். விடிய மூன்று மணி ஆகிவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

நெட்டுக்கு வருவது செத்தும் போகவில்லை. அல்காராஸைப் பார். செர்வ் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதில்லை; எதிராளியை ஓரத்துக்குத் தள்ளி, இடம் திறந்த பிறகு வருகிறான்.

நான் உனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு வயதில் நீ ஆடின அந்த அரையிறுதி. சிமென்ட் கோர்ட். வேலிக்கு வெளியே நின்று "மேலே போ, மேலே போ" என்று கத்தினேன். செகண்ட் செர்வுக்குக்கூட ஓடினாய். எதிரே ஆடின பெண் உன் இரண்டு பக்கமும் உன்னைத் தாண்டிப் போகும்படி பாஸ் அடித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பாதி மனசோடு ஓடினாய் என்று உன்னைத்தான் திட்டினேன். நீ ஒன்றும் பேசாமல், பின் சீட்டில் ராக்கெட் கிரிப்பைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு நீ சரியாகத்தான் ஓடினாய். தப்பு வேலிக்கு வெளியே நின்றவனுடையது.

அடுத்த ஃபைனலை இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே பார்க்கலாம். யார் ஆடினாலும், "மேலே போ" என்று கத்த மாட்டேன். முதல் செட்டுக்காவது.

அப்பா